டைனமோ எரியாத வழி

சாரங்கபாணி சைக்கிளோடு விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டு வந்த ஆறாம் நாள், புதன்கிழமை, அவருக்கு ஒரு விளக்கு வாங்கிவிடுவது என்று மங்கையர்க்கரசி முடிவு செய்தாள்.

விழுந்தது மௌலாலி ரோட்டில் என்று அவர் சொல்லியிருந்தார். இருட்டில் பள்ளம் தெரியவில்லையாம், எதிரே வந்த லாரி ஒதுங்க இடம் கொடுக்கவில்லையாம். முழங்காலில் அப்பியிருந்த செம்மண்ணை வெந்நீர் விட்டுக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டியது அவள்தான். தார் ரோட்டில் விழுந்தவர் காலில் இத்தனை செம்மண் ஏது என்று கேட்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் ஜோலார்பேட்டைக்காரர்கள். லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப் மதிலுக்கு எதிர்ச்சந்தில் ஆறு குடித்தனம் உள்ள லைன்வீட்டில் பதினெட்டு வருஷமாக இருக்கிறார்கள். சாரங்கபாணிக்கு வேலை குஷாய்குடா பக்கம் ஒரு மத்திய சர்க்கார் ஃபாக்டரியில், தகட்டுப் பிரிவில். தினம் சைக்கிளில் போய் ஆறேகாலுக்குத் திரும்பிவிடுவார். வியாழக்கிழமை மட்டும் ஓவர்டைம், எட்டரை ஆகும். மங்கை வீட்டில் இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டத் தமிழ்க் குடும்பங்களுக்கு அளந்து கொடுப்பாள். உரலைச் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்றே இறங்கியிருந்தது.

இரண்டு பெண்கள். சின்னவள் பட்டு, ஜூனியர் காலேஜில் படிக்கிறாள். பெரியவள் கிரிஜா இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழு கடைசியில், யாதகிரி என்ற தெலுங்குக்காரக் கொத்தனாரோடு போய்விட்டாள். லைன்வீட்டுக்குத் தளம் போட வந்தவன். "அவ பேரு இனிமே இந்த ஊட்ல கேக்கக் கூடாது" என்று சாரங்கபாணி சொன்னார். ஜோலார்பேட்டைக்குப் போய் அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். அடுத்த மாதம் கிரிஜாவின் துணிகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். பாத்திரக்காரிக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பாத்திரம் எங்கே என்று மங்கை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அழுவதென்றால் உரல் சத்தத்தில் அழுதுகொள்வாள்.

மெட்டுகூடா முனையில் வேப்பமரத்தடியில் அப்துல் ரஹீமின் சைக்கிள் கடை. இருபது வருஷமாகத் தமிழ் ஆட்களின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி ஒட்டி அவருக்குத் தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது. மங்கை போனபோது கவிழ்த்துப் போட்ட சைக்கிள் ஒன்றின் சக்கரத்தில் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவ் அம்மா. சைக்கிள் எங்கே?"

"சைக்கிளு ஃபாக்டரிக்குப் போயிகீது பாய். ஒரு லைட்டு வேணும். டைனமோ லைட்டு, நல்லதா குடுங்க."

"சாரங்கபாணி சாபுக்கா?"

"ஆமா. போன வியாழக்கெழம உழுந்துட்டாரு."

"ஹவ், மாலும், தெரியும். ரிம் நான்தானே நிமித்திக் கொடுத்தேன்." எண்ணெய்க் கையை வேட்டித்துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்தார். சாக்கை விரித்து அதன்மேல் திறந்து வைத்தார். ஒன்றில் டைனமோவும் கிண்ணம் போன்ற முன்விளக்கும்; இன்னொன்றில் டார்ச்சை வெட்டிக் கொக்கி வைத்தது போல ஒரு பேட்டரி லைட். டைனமோவைத் தொட்டுப் பார்த்த அவளிடம், "அவருக்கு இது நக்கோ அம்மா, வேணாம்" என்றார்.

"ஏன் பாய்? எங்க பக்கத்தூட்டு கிருஷ்ணமூர்த்தி இதான் வெச்சிகிறாரு. செல்லு வாங்கிப் போடற வேலயே இல்ல, மிதிச்சா எரியுதுன்றாரு."

"வஹீ பாத், அதேதான். மிதிச்சா எரியும். மிதிக்கலேன்னா?"

கவிழ்த்த சைக்கிளில் ஏற்கெனவே ஒரு டைனமோ இருந்தது. அதை டயரோடு ஒட்டவிட்டுச் சக்கரத்தை ஓங்கிச் சுற்றினார். பகலிலேயே பல்பு வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. சக்கரம் தளரத் தளர வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, கம்பி மட்டும் தெரிந்து, அணைந்தது.

"பாத்தீங்களா? ரோட்டுக்கு இது பாதுஷா. வேகமா போறவனுக்குத் தூரத்துல என்ன வருதுன்னு தெரியணும், இது தூரமா அடிக்கும். ஆனா பாறை மேலே வேகம் ஏது? எறங்கித் தள்ளணும். தள்ளும்போது இது மின்மினிப் பூச்சி. ஒரு கல்லு தட்டினா டயரை விட்டு எகிறிடும். அதுக்கு இந்தப் பேட்டரி லைட்தான். நின்னாலும் எரியும். வெளிச்சம் கிட்டவே அகலமா விழும், கால் எங்கே வைக்கிறதுன்னு தெரியும். வேணும்னா கழட்டிக் கையில புடிச்சிக்கலாம். செல்லு செலவு இருக்கு, இல்லேன்னு சொல்லலே. விழுந்தா செலவு ஜாஸ்தி."

"பாறையா? அவுரு போறது பூரா தார் ரோடாச்சே பாய்."

"ஃபாக்டரிக்குத் தார் ரோடு." அப்துல் ரஹீம் சிரித்தார். "பொண்ணு வீட்டுக்கு? சைனிக்புரிக்குப் பின்னாலே பூரா பத்தர், கல்லு. அவரு டயர்ல நான் எடுக்கிற முள்ளெல்லாம் அந்தப் பக்கத்து முள்ளு. அன்னிக்கு விழுந்ததும் அங்கேதானே, பாப்பாவுக்கு ஜுரம்னு அவசரமா போயிருக்கார். எதுக்கு அவ்வளவு அவசரம்னு நானும் கோபிச்சேன். இப்போ எப்படி இருக்கு பேத்தி? ஜுரம் விட்டுச்சா?"

மங்கையின் காதில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவது போல இருந்தது. மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை. சங்கு ஊதும் நேரம் இல்லை. அப்துல் ரஹீம் அண்ணாந்து பார்த்துப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"உட்டுடுச்சி பாய்" என்றாள். அவள் நாக்கு அவளைக் கேட்காமல் சொன்னது.

"அல்லாவுக்கு ஷுக்ர். அப்போ இதைத் தரட்டுமா?"

"பேட்டரி லைட்டே குடுங்க."

இரண்டு செல்லைப் போட்டு, விசையைத் தள்ளி எரியவைத்துக் காட்டினார். கைப்பிடிக் கம்பியில் எப்படி மாட்டுவது, திருகை எந்தப் பக்கம் முறுக்குவது என்று சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடையை விட்டு வந்து வெகுநேரம் நடந்த பிறகுதான், வீட்டுச் சந்தைத் தாண்டி ஒர்க்‌ஷாப் பெரிய கேட் வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. காவல்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். அவள் திரும்பினாள்.

பேத்தி. அப்படியென்றால் பெண் குழந்தை. அவளுக்கு அதுகூட இப்போதுதான் தெரிகிறது.

பட்டு காலேஜ் விட்டு வந்தபோது அம்மா உரலடியில் உட்கார்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வைத்துவிட்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"ம்மா, ஏமைந்தி நீக்கு, இன்னா ஆச்சி? உள்ள ஒண்ணுமே இல்ல. கல்லுதான் சுத்துது."

மங்கை பார்த்தாள். ஊறவைத்த அரிசி பக்கத்துக் குண்டானில் அப்படியே இருந்தது.

"தல நோவுது" என்றாள்.

சாரங்கபாணி வழக்கம் போல ஆறேகாலுக்கு வந்தார். கால் கழுவினார், மோவாய்க் கட்டை அவிழ்த்துக் கண்ணாடியில் பார்த்தார், சாப்பிட உட்கார்ந்தார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார். இருபத்து மூன்று வருஷம் சோறு போட்ட ஆளை, வேற்று வீட்டு ஆள் யாரோ நம் பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிட வாய் வந்தது. பட்டு அடுத்த அறையில் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. அதோடு, கேட்டால் அவர் ஏதாவது ஒன்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதை இனி எதை வைத்து அளப்பது?

கை கழுவும்போது சொன்னார்: "நாளிக்கி வியாழக்கெழம. சூசைராஜிக்கும் சேத்துக் கட்டு மே. வேர்க்கடல தொவையலு வையி. சோத்தக் கொஞ்சம் கொழய வடி."

சூசைராஜ் அவரோடு வேலை பார்ப்பவர். பெண்சாதி அரக்கோணத்தில் இருக்கிறாள், பாவம், வியாழக்கிழமையாவது நம் வீட்டுச் சோறு தின்னட்டும் என்று சொல்லித்தான் இந்தத் தனி டிபன் அடுக்கு ஆரம்பமானது. ஒன்றரை வருஷமாகக் கட்டிக் கொடுக்கிறாள். நாலைந்து மாதமாகத்தான் சோறு குழைய வேண்டும், காரம் கூடாது என்ற பேச்சு. "இன்னா, பல்லு போச்சா அவுருக்கு?" என்று அவள்கூடக் கேலி செய்தாள். அவரும் சிரித்தார்.

காலையில் சோற்றை வடித்துக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இது பல்லில்லாத வாய்க்குத்தான். பிறகு ஒரு கரண்டி நெய்யை அதிகமாக விட்டு, பருப்பையும் போட்டு, இன்னும் நன்றாக மசித்து, அடுக்கை மூடினாள்.

மத்தியானம் பட்டுவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, மங்கை விளக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குஷாய்குடா பஸ் ஏறினாள். ஃபாக்டரி கேட்டை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாலே முக்காலுக்குச் சங்கு ஊதியதும் மடையைத் திறந்துவிட்டது போலச் சைக்கிள்கள் வந்தன. நூற்றுக்கணக்கான மணிச்சத்தம். எல்லாரும் ஒரே காக்கி. அவள் முகம் பார்க்கவில்லை, கைப்பிடிகளைப் பார்த்தாள். தன் அடுக்கு தொங்குகிறதா என்று.

சாரங்கபாணி அவளைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். முகம் சுண்ணாம்பு அடித்தது போல ஆயிற்று.

"பட்டுக்கு இன்னா?"

"பட்டுக்கு ஒண்ணுமில்ல." கைப்பிடியில் தொங்கிய அடுக்கைத் தொட்டாள். கனமாக இருந்தது. "ஓவர்டைம் இல்லீங்களா இன்னிக்கி?"

மங்கை பையிலிருந்து விளக்கை எடுத்து நீட்டினாள்.

"இத மாட்டுங்க. பாற வழிக்கி இதான் சரின்னாரு பாய். டைனமோ எரியாதாம்."

மயிரிழை பிசகாமல் தகடு வளைக்கிற கைகள் அவை. அந்தச் சின்னத் திருகை எந்தப் பக்கம் முறுக்குவது என்று மங்கை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் போனவர்கள் "இன்னா சாரங்கபாணி, ஊட்டம்மா வந்துகிறாங்களா?" என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"மங்க, நான் இன்னா சொல்றேன்னா..."

"மொதல்ல போங்க. எப்பிடிப் போவீங்களோ அப்பிடிப் போங்க."

தார் ரோட்டில் அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். ஓர் ஈச்சமரத்துக்குப் பக்கத்தில் ரோட்டை விட்டு மண்தடம் பிரிந்தது. சிறிது தூரத்தில் அதுவும் பாறைமேல் ஏறிக் காணாமல் போயிற்று. வீடளவு குண்டுக்கற்கள் ஒன்றின் தலையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. இடுக்குகளில் இலை உதிர்ந்த சீத்தாச் செடிகள். மார்கழிப் பொழுது சட்டென்று இறங்கிவிட்டது. காற்று சில்லிட்டது, பாறை மட்டும் பகல் சூட்டை இன்னும் உள்ளங்காலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாரங்கபாணி விளக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளினார். அவள் வெளிச்சம் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்கே திரும்ப வேண்டும் என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். ஓரிடத்தில், "அங்கதான் உழுந்தேன்" என்றார். அவள் அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பவில்லை.

"எப்பப் பொறந்துது?"

"மாசியில."

அவள் பத்து அடி நடந்தாள். "மாசியில நான் மயானக் கொள்ளைக்கி ஊருக்குப் போலான்னு கேட்டேன். லீவு இல்லன்னு சொன்னீங்க."

"அப்ப அவ ஆஸ்பத்திரில இருந்தா. ரெண்டு நாளு வலி. ரொம்ப ரத்தம் போயிடுச்சி. ரத்தம் வேணும்னாங்க. அந்தப் பையனுக்குச் சேரல. எனுக்குச் சேந்துது."

மங்கை நின்றுவிட்டாள். விளக்கு அவர் முகத்தில் விழுந்தது.

"ரத்தம் குடுத்தியா?"

இத்தனை வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"தல சுத்துது, ஈரலு வறுத்துக் குடுன்னு வந்து கேட்டியே, அப்பவா?"

"ஆமா."

"வறுத்துக் குடுத்தேன். மொளகு தூக்கலாப் போட்டு வறுத்துக் குடுத்தேன். அவ அங்க சாவக் கெடந்தா, நான் இங்க உனுக்கு ஈரலு வறுத்துக்கினு இருந்தேன்."

"சொன்னா நீ தாங்குவியா மங்க? உனுக்கு மூஞ்சியே சொல்லிடும். லைனு பூரா தெரிஞ்சிடும், ஊருக்குக் கடுதாசி போயிடும். அண்ணன் கையில அடிச்சிக் குடுத்துட்டு வந்துகிறேன். பட்டுக்கு மாப்ள பாக்கணும், அண்ணன்தான் பாக்கணும். நான் இன்னா பண்ணட்டும்? அந்தப் பொண்ணு எப்பிடிகீதோன்னு ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன்."

"ஒரு தபா."

"அப்புறம் போவாம இருக்க முடியல."

"நான் ரெண்டு வருசமா இருந்தேனே. எப்பிடி இருந்தேன்?"

சைக்கிள் செயின் கடகடவென்றது. அவள் மறுபடி முன்னால் நடந்தாள்.

பாறைகள் இறங்கியதும் கல்லுடைக்கிறவர்களின் குடிசைகள் இருந்தன. கடைசியில், வீடு கட்டி மிஞ்சிய கருங்கல்லையே வைத்து யாதகிரி எழுப்பிய ஒற்றை அறை. அவன் சைனிக்புரியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தான், இன்னும் திரும்பவில்லை. வாசலில் காடா விளக்கு எரிந்தது.

"நைனாவா?" என்று கேட்டுக்கொண்டே கிரிஜா வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை. நீலக் கட்டம் போட்ட புடவை கட்டியிருந்தாள். முந்தானை ஓரத்தில், அடுப்பில் பட்டுப் பொசுங்கின இடத்தில், மங்கை தன் கையால் போட்ட ஒட்டு தெரிந்தது. பாத்திரக்காரிக்குப் போட்ட புடவை.

"நைனா, கண்ணு கூசுது. லைட்டத் தாழ்த்து."

மங்கை விளக்கைத் தாழ்த்தினாள். கிரிஜா அவளைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று மங்கை வழியெல்லாம் நினைத்திருக்கவில்லை. ஆனாலும் கைகள் தாமாகச் சற்று விரிந்திருந்தன. கிரிஜா இரண்டடி பின்னால் போய், குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள்.

"நீ எதுக்கு வந்த?"

"கிரிஜா..."

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு தபா உன்னக் கூப்டு நைனான்னு கெஞ்சினேன். செத்தாலும் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லி அனுப்புனியே. இப்ப இன்னாத்துக்கு வந்த? உயிரோட கீறேனான்னு பாக்கவா?"

மங்கைக்கு முதலில் அந்த வார்த்தைகள் புரியவில்லை. யாரைப் பற்றியோ பேசுகிறாள் என்று நினைத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். சாரங்கபாணி சைக்கிளைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். சாத்திய சைக்கிளை மறுபடியும் எடுத்து மறுபடியும் சாத்தினார்.

"நான் சொன்னேனா?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் கைப்பிடியைத் திருப்பி வைத்தார்.

"சொல்லு. நான் சொன்னேனா?"

"நைனா?" என்றாள் கிரிஜா.

சாரங்கபாணி அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத நாளு வந்தேன் பாரு," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "வந்ததும் வராததுமா, அம்மா அனுப்புச்சான்னு கேட்ட. நான் உங்கம்மாக்குத் தெரியாம வந்தேன். அதச் சொல்ல வாய் வரல. அவளுக்கு இன்னும் கோவம் தீரலன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அடுத்த வாரம் நீ திரும்பக் கேட்ட. திரும்பவும் அதத்தான் சொல்ல வேண்டியதாப் போச்சி. வாரா வாரம் கேட்ட. ஆஸ்பத்திரில கேட்டப்ப... அன்னிக்கி இட்டுக்கினு வந்திருந்தா எல்லாமே வெளிய வந்திருக்கும். வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

குடிசைகளில் யாரோ சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கிரிஜாவின் வாய் திறந்தபடி இருந்தது. அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனுக்கு நீ எங்க கீறன்னே தெரியாது" என்றாள் மங்கை. "உயிரோட கீறியான்னே தெரியாது. புள்ள பொறந்தது நேத்துதான் தெரியும். சைக்கிள் கடக்காரரு சொல்லி."

"சைக்கிள் கடக்காரருக்குத் தெரியுமா?"

"அவுருக்குத் தெரியும்."

கிரிஜா அழவில்லை. "அந்தச் சோறு?" என்று கேட்டாள். "வாரா வாரம் வருமே. நைனா ஓட்டல்ல வாங்கினு வர்றதா சொல்லிச்சி. வாயில வெச்சதுமே நம்ம ஊட்டுத் தொவையல் மாதிரியே கீதுன்னு நான் சொல்வேன். ஆமா, தமிழாளுங்க ஓட்டலுன்னு சொல்லும்."

மங்கை விளக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாசல்படிக்கு முன்னால், செம்மண்ணிலேயே. கிரிஜா ஓடி வந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் அந்தத் தண்ணீரில் கை கழுவினாள், முகம் கழுவினாள், ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கிரிஜா குழந்தையைக் கொடுத்தாள்.

பத்து மாதக் குழந்தை. கீழே இரண்டு பல். கனமாக இருந்தது, நெய்யும் சோறுமாக வளர்ந்த கனம். ஒரு நிமிஷம் புது முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு உதடு பிதுங்கிற்று, வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு திரும்பி, கல்லின் மேல் உட்கார்ந்திருந்த சாரங்கபாணியைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டி அழுதது. அவர் எழுந்துவிட்டார். பழக்கத்தில் கைகள் முன்னால் வந்தன.

"குடு மங்க, அதுக்குப் புது ஆளுன்னா ஆவாது. நான் தூக்கினா அடங்கிடும்."

"வேணாம்."

"அழுவுது பாரு..."

"அழுவட்டும்." குழந்தையைத் தோளில் சாத்தி, இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நீ கெளம்பு. பட்டு தனியா இருப்பா. அவகிட்ட நீயே சொல்லு, அவளுக்கு அக்கா பொண்ணு ஒண்ணு கீதுன்னு. ஊருக்கும் நீயே எழுது. உங்கண்ணனுக்கு. உன் கையால எழுது."

"நீ எப்ப வருவ?"

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"நான் நாளிக்கி வரட்டா?"

"நான் சொல்லி அனுப்பறேன்."

அவர் கிரிஜாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சைக்கிளில் தொங்கிய அடுக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாரங்கபாணி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். கீழே கிடந்த விளக்கைக் கையில் எடுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறைப் பக்கம் ஏறினார். இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

குழந்தை அவர் போன திக்கிலேயே கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. மங்கையின் கழுத்தைப் பிறாண்டியது, தலைமயிரைப் பிடித்து இழுத்தது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே வாசலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தாள்.

"கொஞ்ச நேரம் குடும்மா, நான் சமாதானம் பண்றேன்" என்று உள்ளேயிருந்து கிரிஜா சொன்னாள்.

"நீ சாப்புடு" என்றாள் மங்கை. "இது எங்கிட்டயே அழுவட்டும்."